ஒரு சாண் இறங்கிய வலை

மணமாகிச் சென்னையில் குடியேறிய என் தங்கை ருக்மணி சிட்லபாக்கத்தில், ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி, வீடு கட்டி முடித்திருந்தாள். அண்ணன் வந்து நின்றால்தான் பால் காய்ச்சுவோம் என்று கடிதம் எழுதிவிட்டாள். மலேசியாவில், பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் முப்பத்தைந்து ஆண்டுகளாக எடை குறிக்கும் எழுத்தராக, தோட்டத்துப் பேச்சில் 'கிராணி'யாக, இருந்துவந்த எனக்கு, எண்பதுகளின் இறுதியில் அமைந்த அப்பயணமே முதல் இந்தியப் பயணம். பெட்டியில் தங்கைக்குச் சேலைகளும், தைலப் புட்டிகளும், அவற்றின் அடியில் என் ஊதலும் இருந்தன. தோட்டத்துக் கைப்பந்துப் போட்டிகளுக்கு நான்தான் நடுவர். விதிப்புத்தகத்தை அகராதியின் துணைகொண்டு நானே படித்துத் தேறியவன். தங்கையின் மகள் மல்லிகா பெண்கள் பள்ளி ஒன்றில் உடற்பயிற்சி ஆசிரியை. நடுவர் தேர்வில் தேறிவிட்டதாக அவள் எழுதியிருந்தாள். ஆகவே ஊதலையும் உடன் கொணர்ந்தேன்.

மீனம்பாக்கத்தில் இறங்கியபோது வெயில் எங்கள் நாட்டு வெயிலைப்போல் வியர்க்க வைக்கவில்லை, வறுத்தது. ஆட்டோ ஒன்று என்னை ஏற்றிக்கொண்டு குரோம்பேட்டை ரயில்வே கேட்டு வரை விரைந்து, அங்கே நின்றுவிட்டது. ஒரு மின்ரயில் போயிற்று. கேட்டு திறக்கவில்லை. எதிர்த்திசையில் மற்றொன்று போயிற்று. அப்போதும் திறக்கவில்லை. சாலையின் இருபுறமும் மிதிவண்டிகளும் மாட்டுவண்டிகளும் பேருந்துகளும், நாளைக்குத் திறந்தாலும் சரி என்பதுபோல் காத்திருந்தன.

"எந்த ஊரு சார்?" என்றார் ஆட்டோக்காரர்.

"மலேசியா. கோலாலம்பூரில் ஏறி நான்கு மணி நேரத்தில் வந்துவிட்டேன்."

"அது ஈசி சார். இந்த கேட்ட தாண்றதுக்கு இன்னும் நாலு மணி நேரம் ஆவும், பாத்துக்கினே இரு."

அத்தனை நேரம் ஆகவில்லை. ஆயினும் அவர் பொய் சொன்னார் என்றும் கூறவியலாது.

மறுநாள் வெள்ளிக்கிழமை விடியற்காலையில் பால் பொங்கியது. ருக்மணி கணவரை இழந்தவள். ஆதலின் மல்லிகாவே அடுப்பேற்றினாள், தாய்மாமன் என்ற முறையில் நான் அருகே நின்றேன். பந்தியில் இட்லியும் வடையும் வெண்பொங்கலும் பரிமாறினார்கள். எங்கள் நாட்டு இட்லி சற்று வீம்பு பிடித்தது. கறிக்குழம்பைக் கண்டால்தான் இளகும். இங்குள்ள இட்லியோ சாம்பார் தொட்டவுடனேயே கரைந்துவிடுகிறது. ஐந்து உண்டேன். "அண்ணா, வெட்கப்படாதீங்க" என்று தங்கை இன்னும் இரண்டை வைத்தாள். நான் வெட்கப்படவில்லை என்பதை அவளிடம் சொல்லவில்லை.

அன்று மாலை மல்லிகா என்னைக் கிழக்குத் தாம்பரத்துப் பள்ளி மைதானம் ஒன்றிற்கு அழைத்துச் சென்றாள். கைப்பந்துப் போட்டி நடந்துகொண்டிருந்தது. உள்ளூர் மன்றத்தின் சார்பில் நடத்துபவர் ஏகாம்பரம். அவ்வூரின் பழைய விவசாயக் குடும்பத்தார். நிலம் மனைகளாக மாறியபின் கட்டடப் பொருள் வணிகம் செய்பவர். வெள்ளை வேட்டி, கழுத்தில் துண்டு, கையில் எப்போதும் ஒலிபெருக்கியின் மைக். பெண்களின் அரையிறுதி ஆட்டம் அப்போதுதான் தொடங்கியிருந்தது.

நடுவர் மேடைமீது ஒல்லியான மனிதர் ஒருவர், ஒரு கையில் சோடாப்புட்டியுடன் வீற்றிருந்தார். சற்றுமுன் முடிந்த ஆண்களின் ஆட்டத்தில் ஊசிபோல் குத்திக்கொண்டிருந்த அவருடைய ஊதல் இப்போது சட்டைப் பையில் உறங்கிற்று. ஒரு பெண் பந்தை இருமுறை தொட்டாள், அவர் பேசாதிருந்தார். இன்னொருத்தி வலையிலேயே சாய்ந்தாள். அவர் சோடா அருந்தினார். மல்லிகாவோ தரையில் ஒரு மேசைமுன் அமர்ந்து புள்ளிகளைக் குறித்துக்கொண்டிருந்தாள்.

"தவறுகளுக்கு ஊதுவதில்லையோ?" என்று ஏகாம்பரத்திடம் வினவினேன்.

"பொண்ணுங்க மேட்ச்சு சார். டபுள் டச்சு கிபுள் டச்சுன்னு பாத்துகினு இருந்தா பேஜாராப் பூடும். ஆம்பளைங்க செமிஃபைனலுக்கு வெளிச்சம் வோணாமா? ஏதோ ஆசைக்கு ஆடுதுங்க, ஆடிட்டுப் போவட்டும்."

நான் தலையசைத்தேன். உண்மையைக் கூறின், எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. தோட்டத்துப் பெண்களின் ஆட்டத்தில் நானும் அவ்வாறே செய்துவந்தேன். அதற்கு இரக்கம் என்று பெயர் சூட்டியிருந்தேன்.

நான் மலேசிய நடுவர் என்று யாரோ சொல்லியிருக்கவேண்டும். ஏகாம்பரம் என் கையைப் பற்றிக்கொண்டார். "சார், ஞாயித்துக்கெழம சாயந்தரம் மூணு மணிக்குப் பொண்ணுங்க ஃபைனல். நீ ஏறி நில்லு சார். ஃபாரின் ரெஃப்ரீன்னா நம்ம மன்றத்துக்கு எவ்ளோ கெத்து!"

நான் மறுப்பதுபோல் ஓர் அசைவு செய்தேன். அது மறுப்பில்லை என்பது இருவருக்கும் விளங்கியது. அடுத்த கணமே ஒலிபெருக்கியில், "மலேசியா புகழ் சர்வதேச நடுவர்" என்று என் பெயர் முழங்கியது. எங்கள் தோட்டத்து எல்லையைத் தாண்டி நான் ஒருநாளும் நடுவராக நின்றதில்லை. ஆயினும் திருத்தவில்லை. மேசைமுன் மல்லிகா பேனாவின் மூடியை மூடிக்கொண்டிருந்தாள். அதை நான் கண்டேன், பொருள் உணரவில்லை.

வீடு திரும்பும் வழியில் அவள் கேட்டாள். "உங்க ஊர்லயும் பொண்ணுங்க மேட்ச்ல ஊத மாட்டாங்களா மாமா?"

"பிள்ளைகள் பாவம், அம்மா."

"பாவம்னு விட்டுட்டா, அவங்க நல்லா ஆடினது யாருக்குத் தெரியும்? அதுவும் பாவம் பாத்துக் குடுத்த பாயிண்ட்டுதான்னு ஆயிடாதா?"

ஏரிக்கரையில் நாரைகள் அமர்வதைச் சுட்டிக்காட்டிப் பேச்சை மாற்றினேன்.

சனிக்கிழமை மல்லிகா பள்ளிக்குச் சென்றபின் ருக்மணி வெங்காயம் அரிந்தவாறே விஷயத்தைச் சொன்னாள். தேர்வில் தேறினால் மட்டும் போதாதாம். ஓராண்டிற்குள் மூன்று போட்டிகளில் தலைமை நடுவராக நின்று, நடத்துபவரின் கையொப்பம் பெறவேண்டும். இல்லையேல் தேறியது செல்லாது. மீண்டும் முதலிலிருந்து எழுதவேண்டும். இரண்டு போட்டிகள் பள்ளிகளில் கிடைத்தன. பிறகு எங்கும் அவளை மேசையில் அமர்த்தினார்களே அன்றி மேடையில் ஏற்றவில்லை. ஏகாம்பரத்திடம் ஆறுமுறை நடந்து, இந்த இறுதி ஆட்டத்தைத் தருவதாக வாக்குப் பெற்றிருந்தாள். ஓராண்டு நிறைவுற இன்னும் நான்கு நாள்களே இருந்தன.

"அவ உங்ககிட்ட சொல்லவே வேணாம்னா அண்ணா. மாமா சந்தோஷமா இருக்காரு, விடும்மான்னா."

தங்கையின் கண்கள் வெங்காயத்தால்தான் கலங்கின என்று நானும் நம்ப முயன்றேன்.

மாலையில் மல்லிகா வந்ததும், "நான் ஆட்டத்திற்கு வரவில்லை, நீயே ஏறு" என்றேன்.

"நீங்க வரலன்னா அங்க நிக்கிற எந்த ஆம்பளையையாவது ஏத்திடுவாங்க மாமா. ஏகாம்பரம் அண்ணன் அவர் வாயால சொல்லணும். அவர்தான் கையெழுத்துப் போடணும்."

அப்போதே ஏகாம்பரத்தின் வீட்டிற்கு விரைந்தேன். குடும்பத்தோடு குன்றத்தூர் முருகன் கோயிலுக்கு வேண்டுதல் முடிக்கப் போயிருக்கிறார், இரவு அங்கேயே தங்குகிறார் என்றனர்.

ஞாயிறு காலை குன்றத்தூருக்குப் பேருந்து ஏறினேன். படிகளில் மூச்சிரைக்க ஏறி உச்சியை அடைந்தேன். சன்னிதியில் ஏகாம்பரம் இல்லை. மொட்டையடிக்கும் இடத்தில் விசாரித்தேன். "இப்பதான் படியில எறங்கிப் போனாரு. எதுக்கால வந்திருப்பாரே?" என்றார் நாவிதர். எதிரே வந்த மொட்டைத்தலைகளுள் ஒன்று அவருடையதாக இருந்திருக்கவேண்டும். முடியும் மீசையுமாகவே அவரை அறிந்திருந்த எனக்கு அடையாளம் தெரியவில்லை. முருகனை வணங்கி, சர்க்கரைப் பொங்கல் ஒரு தொன்னை வாங்கி உண்டுவிட்டு இறங்கினேன். மனக்கலக்கத்திலும் அதன் நெய்மணம் இன்றும் நினைவிருக்கிறது.

திரும்பிவந்த பேருந்து அனகாபுத்தூர் அருகே பெருமூச்சு விட்டு நின்றது. ஓட்டுநர் இறங்கி முன்பக்கத்தைத் திறந்தார், மூடினார், ஒரு மரநிழலில் அமர்ந்தார். எங்கள் நாட்டில் பேருந்து பழுதானால் பயணிகள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இங்கே ஒருவர் வேர்க்கடலை வாங்கி அனைவருக்கும் பகிர்ந்தார். எனக்குக் கடலை இறங்கவில்லை. மணி ஒன்றரை. எந்தப் பேருந்தும் வரவில்லை. வந்த ஒன்றும் நிற்கவில்லை.

இறுதியில் கைகாட்டியதும் ஒரு லாரி நின்றது. பம்மல் தோல் பதனிடும் ஆலைக்குப் பச்சைத்தோல் ஏற்றிய லாரி. முன்னிருக்கையில் இடமில்லை.

"பின்னாடி தோல் மேல குந்திக்கிறியா சார்? நாத்தம் அடிக்கும், சொல்லிட்டேன்" என்றார் ஓட்டுநர்.

"பரவாயில்லை, ஐயா."

"ஐயாவா! டேய், நம்மள ஐயான்றாருடா!" என்று அவர் உடனிருந்தவரிடம் சொல்லி வழிநெடுகச் சிரித்தார். என்னைப் பல்லாவரம் வரை கொண்டுவந்து இறக்கிய பிறகே தம் ஆலைக்குத் திரும்பினார். அந்த அன்பிற்கு நான் இன்றும் கடன்பட்டவன்.

பல்லாவரத்தில் ஏறிய மின்ரயிலில் எனக்கு விசாலமான இடம் கிடைத்தது. ஏனெனில் என்னைச் சுற்றிலும் இருந்தவர்கள் எழுந்து சென்றனர். ஓர் அம்மையார் முந்தானையால் மூக்கை மூடியபடி, "பெரியவரே, ஆஸ்பத்திரிக்குப் போறீங்களா?" என்று பரிவோடு கேட்டார். தாம்பரத்தில் இறங்கி ஓடாத குறையாக நடந்தேன். மைதானத்தை அடைந்தபோது மூன்றரை மணி. என் நெஞ்சில் ஒரே கேள்விதான். மேடைமேல் யார் நிற்கிறார்கள்?

மேடை காலியாக இருந்தது. ஆடுகளத்தின் நடுவே மல்லிகா, கையில் அளவுகோலுடன் நின்றாள். வலை ஒருபக்கம் இறங்கியும் மறுபக்கம் ஏறியும் தொங்கியது. சுற்றிலும் ஒரே கூச்சல்.

"இன்னா அக்கா, டென்னிஸ் நெட்டா கட்டிகீற?"

"வூட்ல கொடிக்கயிறு கட்றாப்பல கட்டுதுபா!"

"பொம்பளைய வுட்டா இப்படித்தான். மேட்ச்சு ஆரம்பிக்கறதுக்குள்ள வலையப் புடிச்சிகினு நிக்குது."

ஆட்டக்காரப் பெண்களே அவளோடு வாதிட்டுக்கொண்டிருந்தனர். உள்ளூர் அணியின் தலைவி கோகிலா, உயரமான பெண், இடுப்பில் கைவைத்து, "நாங்க எப்பவும் ஆடற நெட்டு இது இல்லக்கா! இவ்ளோ கீழ வெச்சா எப்படி அடிக்கிறது?" என்றாள். பொத்தேரிப் பக்கமிருந்து வந்த எதிரணியும் அதையே கூறியது.

மொட்டைத்தலை ஏகாம்பரம் என்னைக் கண்டதும் பாய்ந்து வந்தார். இரண்டடி தள்ளியே நின்றுகொண்டார். "வந்துட்டியா சார்! எந்த சாக்கடைல வுயுந்த? சரி வுடு. முதல்ல நெட்ட மேல ஏத்தச் சொல்லு. நீ வர்றதுக்குள்ள இந்தப் பொண்ணு நெட்ட எறக்கிட்டு அரைமணி நேரமா பேஜார் பண்ணுது."

நான் வலையருகே சென்றபோது மல்லிகா மறுபக்கத்தையும் இறக்கிக் கட்டி முடித்தாள்; அவளிடமிருந்து அளவுகோலை வாங்கிச் சரிபார்த்தேன். ஆண்களுக்கு இரண்டு மீட்டர் நாற்பத்து மூன்று. பெண்களுக்கு இரண்டு மீட்டர் இருபத்து நான்கு. ஏறத்தாழ ஒரு சாண் வேறுபாடு. கம்பங்களில் கயிறு உராய்ந்து தேய்ந்த ஒரே ஒரு தடம்தான் இருந்தது. அது ஆண்களின் உயரத்தில் இருந்தது. அந்த மைதானத்தில் எந்நாளும் ஒருவரும் வலையை இறக்கிக் கட்டியதில்லை. இப்பெண்கள் ஆண்டுக்கணக்கில் ஆண்களின் வலையிலேயே ஆடிவந்திருக்கிறார்கள்; அது ஆண்களின் வலை என்பதை அவர்களுக்குச் சொன்னவரும் இல்லை.

வெள்ளிக்கிழமை முழு ஆட்டத்தையும் நான் இதே இடத்தில் நின்று பார்த்தவன். விதிப்புத்தகம் முழுவதும் மனப்பாடம். வலையை மட்டும் பார்க்கவில்லை.

"அளவு சரியாக இருக்கிறது" என்று உரக்கச் சொன்னேன். "அளந்தவரே நடுவர். ஏறி நில், அம்மா."

"சார், நோட்டீஸ்ல உன் பேரு போட்டுகீறேன்!" என்றார் ஏகாம்பரம்.

"கோட்டுக்கொடி பிடிக்க ஆள் இருக்கிறதா?"

"இல்ல சார், அது எவனாச்சும்..."

"அதை நான் பிடிக்கிறேன். அவள் நிற்காவிட்டால் நானும் இல்லை."

ஏகாம்பரம் என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், மணியைப் பார்த்தார். பிறகு மைக்கை எடுத்தார். "மலேசியா புகழ் சர்வதேச லைன்மேன் அவர்கள்..." என்று தொடங்கியதும் கூட்டம் கைதட்டியது. நான் சிவப்புக்கொடியை ஏந்தி மூலையில் நின்றேன். என் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் சற்றே விலகிக்கொண்டனர். பெட்டியில் கிடந்த என் ஊதலை மல்லிகா அன்று காலையே கேட்டு வாங்கியிருந்தாள். அதன் ஒலி அத்தனை கூர்மையானது என்பதை எதிர்முனையில் நின்று கேட்டபோதுதான் அறிந்தேன்.

முதல் ஆட்டம் சிரிப்பாய்ச் சிரித்தது. பெண்கள் பழக்கத்தின்படி மேல்நோக்கியே அடித்தனர். பந்துகள் கோட்டைத் தாண்டின, வேலியைத் தாண்டின, ஒன்று பட்டாணி விற்பவரின் தட்டில் போய் விழுந்தது. போதாக்குறைக்கு இருமுறை தொட்டால் ஊதல். வலையைத் தொட்டால் ஊதல். பெண்கள் திகைத்துப்போய் அவளையே பார்த்தனர். அவ்வளவு ஊதலை அவர்கள் வாழ்நாளில் கேட்டதில்லை. "அக்கா, நாங்க இன்னா பண்ணோம்?" என்று ஒருத்தி அழாக்குறையாகக் கேட்டாள். மல்லிகா கைவிரல் இரண்டை உயர்த்திக் காட்டினாள், அவ்வளவுதான். பொத்தேரி அணி வென்றது.

இரண்டாம் ஆட்டத்தின் நடுவில், கோகிலா எம்பி ஒரு பந்தைக் கீழ்நோக்கி அறைந்தாள். அது எதிர்க்களத்தின் நட்டநடுவே புழுதி கிளப்பிற்று. அவள் தரையில் இறங்கி நின்று, தன் உள்ளங்கையையே பார்த்தாள். பிறகு வலையைப் பார்த்தாள்.

"இத்தினி நாளா பசங்க நெட்லயாடி ஆடிகினு இருந்தோம்?" என்று தோழியிடம் கேட்டது என் மூலை வரை கேட்டது.

அதன்பின் இரு அணிகளும் ஆடிய ஆட்டத்தை என்னால் முழுமையாக வருணிக்க இயலாது. ஆண்களின் இறுதிக்காகக் காத்திருந்தவர்கள் எப்போது முன்னே நகர்ந்து தரையில் அமர்ந்தார்கள் என்பதை நான் கவனிக்கவில்லை. இரண்டாம் ஆட்டம் கோகிலாவின் அணிக்கு. மூன்றாவதில் பதின்மூன்றுக்குப் பதின்மூன்று.

பொத்தேரி அணி சர்வீஸ் போட்டது. சில கைகள் மாறி, அவர்களே பந்தை என் கோட்டை நோக்கி அறைந்தனர். கோகிலா பாய்ந்து விழுந்தாள், எட்டவில்லை. முழங்கால் சிராய்த்து, மண் அப்பிய முகத்துடன் அவள் என்னை அண்ணாந்து பார்த்தாள். நான் கொடியை உயர்த்தினேன். பந்து வெளியே என்பது அதன் பொருள். உள்ளூர்க் கூட்டம் ஆர்ப்பரித்தது.

மேடைமேல் மல்லிகா என்னைப் பார்க்கவில்லை. கோட்டைப் பார்த்தாள். கையை நீட்டித் தரையைக் காட்டினாள். பந்து உள்ளே, பொத்தேரிக்குப் புள்ளி.

எனக்குச் சுருக்கென்றது. முப்பது ஆண்டு நடுவரை மருமகள் பலர்முன் மறுத்துவிட்டாள். குனிந்து பார்த்தேன். சுண்ணாம்புக் கோட்டின்மீது பந்து பட்ட இடம் பிறைபோல் பெயர்ந்திருந்தது. பந்து விழுந்தபோதே நான் அதைக் கண்டிருந்தேன். கண்ட பின்னும் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக் கொடியை உயர்த்தினேன். பாவம் என்று எண்ணி, அவளுடையதல்லாத ஒரு புள்ளியை அவளுக்குத் தர முற்பட்டேன். அடுத்தவளிடமிருந்து அதைப் பறித்தாக வேண்டும் என்பது நினைவில் வரவில்லை.

கொடியைத் தாழ்த்தினேன். அடுத்த புள்ளியும் பொத்தேரிக்கே. ஆட்டம் முடிந்தது.

உள்ளூர்க் கூட்டம் கொந்தளித்தது. நான் அஞ்சியவாறே மேடையை நோக்கி நடந்தேன். அணியின் பயிற்சியாளர் மேடையடியில் நின்று கத்தினார்: "கண்ணு இன்னா பொடனிலயா கீது ரெஃப்ரீ? லைன்மேனே அவுட்டு குடுத்தாரு!" வேறொருவர், "இந்த ரெஃப்ரீ ரொம்பக் கறாருபா" என்றார். இன்னொருவர், "அடுத்த தடவ இந்த ரெஃப்ரீ வந்தா நாங்க ஆட மாட்டோம்" என்றார்.

நான் நின்று செவிசாய்த்தேன். ஒருவர் வாயிலும் பொம்பளை என்ற சொல் வரவில்லை. கொடிக்கயிற்றுக் கேலியையும் யாரும் எடுக்கவில்லை. எல்லா நடுவர்களையும் ஏசுவதுபோல் அவளையும் ஏசினார்கள். காலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் அப்போதுதான் இறங்கியது. மல்லிகாவும் மேடையிலிருந்து இறங்கி, ஊதலைத் துடைத்தபடி புன்னகைத்தாள். அவளுக்கும் அது காதில் விழுந்திருந்தது.

"மாமா, கோச்சுக்கிட்டீங்களா?"

"கோட்டின்மேல் பட்டது, அம்மா. நான் பார்த்தேன்."

"தெரியும் மாமா" என்றாள். துடைத்த ஊதலை என் கையில் வைத்தாள்.

ஏகாம்பரம் கையொப்பமிட்டார். தம் அணி தோற்ற துயரத்தில் பேனாவைச் சற்று அழுத்தமாகவே ஊன்றினார். "எங்காளுங்கள தோக்கடிச்சிட்டு எங்கிட்டயே கையெழுத்தா? நல்லாகீது நாயம்" என்றார். அச்சமயம் கோகிலா நொண்டியவாறு வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்தேன்.

"ஏகாம்பரம் அண்ணே, ஆம்பளைங்க மேட்ச்சு முடிஞ்சதும் நெட்ட மறுபடி இங்க எறக்கிக் கட்டணும். நாளைக்கு எங்களுக்கு பிராக்டிஸ் கீது."

அவர் மொட்டைத்தலையைத் தடவினார். "கட்டிக்கோம்மா, யாரு வேணான்னது?"

வீட்டில் ருக்மணி என்னைக் கொல்லைப்புறம் வழியாகவே உள்ளே விட்டாள். மூன்று வாளி நீர் ஊற்றிக் குளித்த பின்பே சாப்பாடு. சுறாப்புட்டும் ரசமும். அன்றும் நான் வெட்கப்படவில்லை.

தோட்டத்திற்குத் திரும்பிய முதல் சனிக்கிழமை, எடைக்கூடத்து அளவுகோலை எடுத்துக்கொண்டு எங்கள் ஆடுகளத்திற்குச் சென்றேன். பெண்கள் வருவதற்கு அரைமணி நேரம் இருந்தது. அளந்தேன். இரண்டு மீட்டர் நாற்பத்து மூன்று. அந்த வலையைப் பதினொரு ஆண்டுகளாகக் கட்டிவந்தவன் நான்தான். சுற்றிலும் எவரும் இல்லாததற்கு மனதார நன்றி கூறி, முடிச்சை அவிழ்த்து, ஒரு சாண் இறக்கிக் கட்டினேன்.

நான்கு மணிக்குப் பெண்கள் வந்தார்கள். முதல் பந்து கோட்டைத் தாண்டி ரப்பர் மரங்களுக்குள் போய் விழுந்தது. அடித்தவள் வலையை நிமிர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"கிராணி ஐயா, நெட்டு தொய்ஞ்சு போச்சு. கொஞ்சம் ஏத்திக் கட்டுங்க."

"தொய்யவில்லை, அம்மா. இன்றுதான் சரியாகக் கட்டியிருக்கிறேன்" என்று கூறி ஊதலை வாயில் வைத்தேன்.